நின்ற எஞ்சினும் கெட்டுப் போகும்

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் பேத்தமங்கலா ஏரி இருக்கிறது. பாலாற்று நீர் வந்து சேரும் ஏரி அது. தங்கவயல் மக்களுக்குப் பல காலம் குடிநீர் கொடுத்த ஏரியும் அதுதான்.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரைத் 'தக்காளி அக்கா' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. ஒரு கிணறு உண்டு. கிணற்று மேட்டில் ஓர் ஆயில் எஞ்சின் உண்டு. டீசலில் ஓடும் எஞ்சின் அது.

அக்காவின் கணவர் முன்பு தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கையில் கிடைத்த பணத்தில் இந்த எஞ்சினை வாங்கினார். இப்போது அவர் பெங்களூரில் காவலாளி. அதிகாலை ரயிலில் போவார். இரவில் திரும்புவார். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அக்காதான்.

கோடையில் கிணறு வற்றிவிடும். அப்போது எஞ்சினுக்கு வேலை இல்லை. போன ஆண்டும் அப்படித்தான். பிப்ரவரி மாதம் எஞ்சினை நிறுத்தினார் அக்கா. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினார். வீட்டுக்குப் போய்விட்டார்.

செப்டம்பரில் நல்ல மழை பெய்தது. கிணற்றில் நீர் ஏறியது. அக்கா தக்காளி நாற்று வாங்கி வந்தார். நிலத்தை உழுது தயாராக வைத்திருந்தார். எஞ்சினை ஓட்டப் போனார்.

ஹேண்டிலைச் சுற்றினார். அது அசையவில்லை. மகனும் வந்து சுற்றினான். அப்போதும் அசையவில்லை. இரும்புக் குழாயை மாட்டி நெம்பலாம் என்றான் மகன்.

அந்த நேரம் பிட்டர் மாமா அந்த வழியாக வந்தார். அவர் சுரங்கத்தில் பல ஆண்டு பிட்டராக வேலை செய்தவர். அக்காவின் கணவருக்கு மூத்தவர்.

"நிறுத்துடா! பலத்தைக் காட்டாதே. உள்ளே எதையாவது உடைச்சிடுவே" என்றார் மாமா.

எஞ்சினுக்குள் என்ன இருந்தது?

மாமா எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். அக்காவையும் பார்க்கச் சொன்னார்.

எஞ்சினுக்குள் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. அதற்கு லைனர் என்று பெயர். அதற்குள்தான் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். லைனர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே செங்கல் நிறத்தில் துரு ஏறியிருந்தது. பிஸ்டனைச் சுற்றி உள்ள வளையங்கள் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன.

சைலன்சரைத் தட்டினார் மாமா. வைக்கோலும் துணிக் கந்தலும் விழுந்தன. எலி கூடு கட்டியிருந்தது. அடியில் இருந்த ஆயில் தார் போலக் கறுத்திருந்தது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாமா, பிப்ரவரியில நல்லாத்தானே ஓடிச்சு? ஏழு மாசமா அதை யாரும் தொடலையே! ஓடாத எஞ்சின் எப்படிக் கெடும்?"

"அதாம்மா விஷயம். யாரும் தொடலை. அதனாலதான் கெட்டுச்சு. ஓடினா எஞ்சின் தேயும். ஓடாம கிடந்தா துருப் பிடிக்கும். தேய்மானம் மெதுவா வரும். துரு சீக்கிரமா வரும்."

லைனரும் பிஸ்டனும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் வந்தார்கள். வேலை முடியப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் நாற்று முற்றிவிட்டது. அதை நட்டுப் பயன் இல்லை. கம்மலை அடகு வைத்துத்தான் அக்கா எஞ்சின் செலவைக் கொடுத்தார்.

"இனி இப்படி நடக்கக் கூடாது மாமா. நிறுத்தும்போது என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க. நானே செய்யறேன்" என்றார் அக்கா.

எஞ்சினின் நான்கு எதிரிகள்

மாமா நான்கு விரல்களை நீட்டினார்.

முதல் எதிரி, தங்கிய நீர். எஞ்சின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றி நீர் ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தினாலும் அந்த நீர் உள்ளேயே தங்கிவிடும். மாதக் கணக்கில் தங்கினால் இரும்பை அரிக்கும். சேறும் உப்பும் அடியில் படிந்து வழியை அடைக்கும்.

இரண்டாம் எதிரி, ஈரக் காற்று. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பைப் பாருங்கள். அதன் வெளிப்பக்கம் வியர்க்கும். காற்றில் உள்ள ஈரம்தான் அப்படிப் படிகிறது. இரவில் எஞ்சின் இரும்பும் குளிரும். திறந்த வழியாக உள்ளே போன காற்று அதன் மேல் வியர்க்கும். லைனரில் துரு பிடிப்பது இதனால்தான். பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினால் ஈரம் வெளியே போகாது. இன்னும் கேடு.

மூன்றாம் எதிரி, பழைய ஆயில். டீசல் எரியும்போது கரியும் புகையும் வரும். அவற்றில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். ஈரமும் சேர்ந்தால் அந்த ஆயிலில் அமிலம் உண்டாகும். அமிலம் இரும்பை அரிக்கும். பேரிங்கையும் அரிக்கும்.

நான்காம் எதிரி, எலியும் பூச்சியும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அவை குடியேறும்.

"நாலு எதிரியையும் ஒரே நாளில விரட்டலாம். நிறுத்தற நாளில ஒரு மணி நேரம் வேலை செஞ்சா போதும்" என்றார் மாமா.

நிறுத்தும் நாளில் செய்ய வேண்டியவை

அடுத்த பிப்ரவரி வந்தது. கிணற்றில் நீர் அடியைத் தொட்டது. அக்கா மாமாவைக் கூப்பிட்டார். மாமா கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல அக்காவே எல்லாவற்றையும் செய்தார்.

1. முதலில் எஞ்சினைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். ஆயில் சூடாகும். சூடான ஆயில் இளகி ஓடும். அடியில் உள்ள அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும்.

2. எஞ்சினை நிறுத்த வேண்டும். அடியில் உள்ள ஆயில் பிளக்கைக் கழற்ற வேண்டும். பழைய ஆயிலை ஒரு டின்னில் பிடிக்க வேண்டும். ஆயில் சூடாக இருக்கும். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. பிளக்கை மூடிப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். அளவுக் குச்சியில் கோடு இருக்கும். அந்தக் கோடு வரை ஊற்றினால் போதும். பிறகு ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்ட வேண்டும். புதிய ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

4. எஞ்சின் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை முழுவதும் வடிக்க வேண்டும். நல்ல நீர் ஊற்றி ஒருமுறை அலச வேண்டும். அதையும் வடித்துவிட வேண்டும். பம்பில் உள்ள நீரையும் வடிக்க வேண்டும்.

5. டீசல் டேங்கைச் சுத்தமான டீசலால் நிரப்பி மூட வேண்டும். பாதி டேங்க் காலியாக இருந்தால் அங்கே ஈரக் காற்று தங்கும். அது நீராகி டீசலில் இறங்கும். டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் இல்லை.

6. ஏர் கிளீனரைக் கழற்ற வேண்டும். காற்று போகும் வழியில் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட வேண்டும். அதற்கு மேல் விடக் கூடாது. டீசல் வராதபடி நிறுத்தும் லீவரை வைக்க வேண்டும். எஞ்சின் தலையில் உள்ள லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலால் மெதுவாகப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஆயில் லைனர் முழுவதும் பூசிக்கொள்ளும்.

7. தலையில் உள்ள லீவரை இறக்கிவிட வேண்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓர் இடத்தில் இறுகும். அங்கே நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக் காற்று உள்ளே போக வழி இருக்காது.

8. ஏர் கிளீனரை மறுபடி மாட்ட வேண்டும். அதன் வாயையும் சைலன்சர் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைக்க வேண்டும். சிவப்புத் துணியாக இருந்தால் நல்லது. மறுபடி ஓட்டும்போது கண்ணில் படும். எடுக்க மறக்க மாட்டோம்.

9. பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைக்க வேண்டும். கிரீஸ் வைக்கும் இடங்களில் கிரீஸ் வைக்க வேண்டும். வெளியே தெரியும் இரும்பின் மேல் ஆயில் துணியால் துடைக்க வேண்டும்.

10. எஞ்சின் மண்ணில் உட்காரக் கூடாது. மரக்கட்டை மேல் இருக்க வேண்டும். மேலே தார்ப்பாய் போட வேண்டும். பக்கங்களில் காற்று போக இடைவெளி வேண்டும்.

"பழைய ஆயிலை என்ன செய்யறது மாமா? கிணத்து மேட்டுல ஊத்திடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா! அது மண்ணுக்குள்ள இறங்கும். உன் கிணத்துக்கே வரும். டின்னை மூடி வை. பழைய ஆயில் வாங்கற மெக்கானிக் கடையில கொடுத்திடலாம்."

அக்கா ஓர் அட்டையை எடுத்தார். அறிவொளி வகுப்பில் எழுதப் பழகிய கை அது. மெதுவாக எழுதினார்.

'பிப்ரவரி 10. ஆயில் மாற்றியது. தண்ணீர் வடித்தது. துணி இரண்டு இடத்தில்.'

அட்டையை ஹேண்டிலில் கட்டினார். மாமா அதைப் படித்துப் பார்த்தார்.

"இதுதான் பெரிய வேலை. சுரங்கத்துல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு இருக்கும். எழுதி வைக்காதது மறந்து போகும்" என்றார்.

மாதம் ஒரு முறை

மாதம் ஒரு முறை அக்கா கிணற்று மேட்டுக்குப் போனார். டீசல் வராதபடி நிறுத்தும் லீவரைப் பார்த்துக்கொண்டார். தலையில் உள்ள லீவரைத் தூக்கி, ஹேண்டிலை மூன்று, நான்கு சுற்றுச் சுற்றினார். பிறகு லீவரை இறக்கி, சக்கரம் இறுகும் இடத்தில் நிறுத்தினார். அட்டையில் தேதி எழுதினார். பத்து நிமிட வேலைதான். வளையங்கள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

சுரங்கம் சொல்லும் பாடம்

ஒரு நாள் மாமா பழைய கதை சொன்னார்.

தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. பூமிக்குள் எப்போதும் நீர் ஊறும். பம்புகள் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருந்தன. 1902-ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. காவிரி நீரில் பிறந்த மின்சாரம் அது. அதன் பலத்தில் பெரிய பெரிய மெஷின்கள் ஓடின.

"ஓடாம நிக்கற பம்பும் எங்க கணக்குல இருக்கும். அதையும் அப்பப்போ ஓட்டிப் பார்ப்போம். ஒரு பம்பு நின்னா இன்னொண்ணு உடனே ஓடணும். துருப் பிடிச்சிருந்தா கீழே இருக்கிற ஆளோட உயிர் என்ன ஆகறது?"

சுரங்கம் மூடிய பிறகு நீர் இறைப்பது நின்றது. ஆழத்தில் நீர் நிறைந்தது. எத்தனையோ இரும்பு துருப் பிடித்தது.

"வேலை செஞ்சு அந்த மெஷின்கள் சாகலைம்மா. கவனிக்க ஆள் இல்லாமதான் செத்துச்சு" என்றார் மாமா. சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

கடலிலும் ஏரியிலும்

இந்தப் பாடம் கிணற்று எஞ்சினுக்கு மட்டும் அல்ல. படகு எஞ்சினுக்கும் உண்டு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் இனம் பெருகுவதற்காக இந்தத் தடை. 2017 முதல் இது 61 நாட்கள். அந்த நாட்களில் மீனவர்கள் படகைக் கரையேற்றுகிறார்கள். எஞ்சினைப் பழுது பார்க்கிறார்கள். கடல் நீர் உப்பு நீர். அது இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். அதனால் கடல் நீர் ஓடிய எஞ்சினை நல்ல நீரால் அலசி வைக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் வேறு ஓர் ஆபத்து உண்டு. அங்கே ஏரியில் ஓட்டும் சிறு படகுகள் இருக்கின்றன. ஒருவர், இருவர் உட்கார்ந்து ஸ்கூட்டர் போல ஓட்டும் படகுகளும் உண்டு. குளிர்காலம் முழுவதும் அவை சும்மா நிற்கும். எஞ்சினில் நீர் தங்கியிருந்தால் அது பனிக்கட்டியாகும். நீர் கட்டியாகும்போது விரியும். அந்த வேகத்தில் இரும்பே வெடித்துவிடும். அதனால் குளிர் வருமுன் நீரை வடித்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் ஆயில் பூசி வைக்கிறார்கள். அங்கே பனி, இங்கே துரு. செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

வீட்டில் உள்ள மொபெட்டையும் மோட்டார் சைக்கிளையும் நினைத்துப் பாருங்கள். மகன் வெளிநாட்டுக்குப் போனால் வண்டி மாதக் கணக்கில் நிற்கும். அது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் பல மாதம் நின்றால் பிசின் போல ஆகிவிடும். கார்புரேட்டரில் உள்ள சிறு துளைகளை அடைத்துவிடும். அதனால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெட்ரோல் சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மறுபடி ஓட்டும் நாள்

செப்டம்பர் வந்தது. மழையும் வந்தது. அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தார். நீர் நிறைந்திருந்தது. ஆனால் இந்த முறை அவர் முதலில் நாற்று வாங்கவில்லை. முதலில் எஞ்சினைப் பார்த்தார்.

அட்டையை எடுத்துப் படித்தார். 'துணி இரண்டு இடத்தில்' என்று இருந்தது. இரண்டு துணியையும் எடுத்தார். எலிக் கூடு இல்லை. நீர் வடிக்கும் பிளக் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். ஆயில் அளவைப் பார்த்தார். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இல்லை. டீசல் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை வடித்தார். அடியில் நீர் இருந்தால் அதில் வந்துவிடும். பெல்ட்டை மாட்டினார். பம்பில் நீர் நிரப்பினார்.

முந்தானையை இழுத்துச் செருகினார். கூந்தலை முடிந்துகொண்டார். ஓடும் பெல்ட்டின் அருகே தொங்கும் துணியும் கூந்தலும் ஆபத்து. எஞ்சின் இருந்தது திறந்த வெளியில். அதுவும் முக்கியம். மூடிய அறையில் எஞ்சின் ஓட்டக் கூடாது. அதன் புகை உயிரைக் கொல்லும்.

டீசலை அடைத்தபடியே ஹேண்டிலைப் பத்து முறை சுற்றினார். எளிதாகச் சுற்றியது. பிறகு டீசலைத் திறந்தார். வேகமாகச் சுற்றி லீவரை இறக்கினார்.

டப்... டப்... டப்...

கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தது. உள்ளே பூசிய ஆயில் எரிந்த புகை அது. ஐந்து நிமிடத்தில் புகை தெளிந்தது. குழாயில் நீர் கொட்டியது.

மாமா வரப்பில் நின்று பார்த்தார்.

"என்னை ஏம்மா கூப்பிடலை?"

"கூப்பிடற வேலை இல்லை மாமா. அட்டை இருந்துச்சு. படிச்சேன். செஞ்சேன்."

மறுநாள் அக்கா நாற்று வாங்கி வந்தார்.

நினைவில் வைப்போம்

நிறுத்தும் முன் ஆயில் மாற்றுவோம்.
தங்கிய நீரை வடிப்போம்.
லைனருக்கு ஆயில் பூசுவோம்.
திறந்த வாய்களை அடைப்போம்.
மாதம் ஒரு முறை கையால் சுற்றுவோம்.
செய்த வேலையை எழுதி வைப்போம்.

பதில் சொல்லுங்கள்

1. அக்காவின் எஞ்சின் முதல் ஆண்டு ஏன் சுற்றவில்லை?
2. எஞ்சினின் நான்கு எதிரிகள் யாவை?
3. டீசல் டேங்கை ஏன் நிரப்பி வைக்க வேண்டும்?
4. பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்?
5. பழைய ஆயிலை மண்ணில் ஏன் ஊற்றக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ ஊரிலோ சும்மா நிற்கும் எஞ்சின் ஏதாவது உண்டா? பம்புசெட், மொபெட், ஆட்டோ எதுவானாலும் சரி. அது எந்த மாதத்திலிருந்து நிற்கிறது என்று கேளுங்கள். ஓர் அட்டையில் தேதியையும் செய்ய வேண்டிய வேலைகளையும் எழுதுங்கள். அதை அந்த எஞ்சினில் கட்டுங்கள்.